பெட்டியைத் தொடாமல் அழவும்

மருமகன் மோகனசுந்தரம் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்று, சுவரில் மாட்டியிருந்த வைபை பெட்டியின் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் வேட்டி நுனி கீழே இருந்த ஐஸ் பெட்டியின் கண்ணாடியை உரசிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குள் சரஸ்வதியம்மாள் மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தாள். சுற்றி உட்கார்ந்திருந்த பொம்பளைகள் அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு அண்ணாந்து அவரைப் பார்த்தார்கள்.

"அணைச்சுச் சித்த நேரம் விட்டுப் போடோணுங்க மாமா. அப்பத்தான் புடிக்கும்," என்றார் மருமகன்.

"அதத்தான காத்தாலருந்து பண்ணீட்டு இருக்கறீங்க," என்றார் சரஸ்வதியம்மாளின் வீட்டுக்காரர் மாரப்பன்.

மருமகன் சுவிட்சைப் போட்டார். பெட்டியில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. மகள் வனிதா கையிலிருந்த போன் அடித்தது. ஜெர்மனியிலிருந்து ஆனந்தகுமார். முகம் வந்தது. கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"வனிதா, அம்மாவ..."

அத்தோடு நின்றது. வாய் திறந்தபடி, ஒரு கண் மூடினபடி, பல் டாக்டரிடம் உட்கார்ந்த மாதிரி மகன் போனுக்குள் நின்றான். சுவரில் சிவப்பு விளக்கு மின்னியது.

"போச்சு," என்றார் மருமகன், நாற்காலி மேல் நின்றபடியே.

சரஸ்வதியம்மாள் விடியக்காலம் காபி வைக்கப் போனவள். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். பால் பொங்கி வழிந்த வாசத்துக்குத்தான் மாரப்பன் எந்திரித்துப் போனார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வலி, நோவு, ஆஸ்பத்திரி ஒன்றும் இல்லை. வந்தவர்களெல்லாம் நல்ல சாவு என்றார்கள். செத்தது அவர்கள் வீட்டில் இல்லை என்பதால் அப்படிச் சொல்ல முடிந்தது என்று மாரப்பன் நினைத்தார்.

மகன் எந்தப் பிளேனைப் பிடித்தாலும் நாளை பொழுது சாய்ந்துதான் வடகரப்பதி வந்து சேர முடியும். அதுவரைக்கும் உடம்பை வைத்திருக்கக் கூடாது. அது மாரப்பன் போட்ட சட்டமில்லை, சரஸ்வதியம்மாள் போட்டது. மேற்கால வீட்டுக் கிழவரைத் துபாய் மகனுக்காக ஐஸ் பெட்டியில் போட்டு வைத்திருந்தபோது போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "என்னைய இப்பிடி மீன வெச்ச மாதிரி வெச்சிராதீங்க. போன அன்னிக்கே எடுத்துப்போடுங்க." மகனிடமும் போனில் இதைச் சொல்லி, சரிங்கம்மா என்று அவன் வாயால் வாங்கியிருந்தாள். அவன் சொன்ன சொல் தவறவில்லை. காலையில் அவனே சொல்லிவிட்டான்: "அம்மா சொன்னபடி இன்னைக்கே எடுத்தருங்கப்பா. எடுக்கறதுக்கு முந்தி ஒருக்கா மூஞ்சியக் காட்டிருங்க. அது போதும்."

பேச்சு மட்டுமென்றால் வாசல் தென்னைமரத்தடியில் போன் எடுக்கும். படம் நிற்காது. எல்லையோர ஊர், மேற்கே திரும்பினால் கேரளா டவர், கிழக்கே திரும்பினால் தமிழ்நாட்டு டவர், நடுவில் நின்றால் இரண்டும் கிடையாது. வீட்டுக்குள் அதுவும் இல்லை. வைபை ஒன்றுதான் கதி.

"போட்டோ புடிச்சு அனுப்பறனுங்க மச்சான்," என்று மருமகன் தென்னைமரத்தடியில் நின்று கேட்டுப் பார்த்தார்.

"வேண்டாங்க மாப்ள," என்றான் ஆனந்தகுமார். "போட்டோன்னா அது செத்தவங்க படம். எனக்கு அம்மாவப் பாக்கோணும்."

இதில் என்ன வித்தியாசம் என்று மருமகனுக்கு விளங்கவில்லை. மாரப்பனுக்கு விளங்கியது. ஆனால் அவரை யாரும் கேட்கவில்லை.

மோகனசுந்தரம் மீனாட்சிபுரத்தில் பால் வாங்கும் இடத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர். அதனால் இந்த வேலை தன்னுடையது என்று காலையிலேயே எடுத்துக்கொண்டார். முதலில் வைபை பெட்டி சூடாகிவிட்டது என்றார். பனையோலை விசிறி ஒன்றை எடுத்து, பிணத்துக்கு வீசாமல் பெட்டிக்கு வீசினார். பிறகு கேதம் கேட்க வந்த ஒரம்பரைச் சொந்தக்காரர்களெல்லாம் வைபையில் தொங்குகிறார்கள் என்று கண்டுபிடித்தார். அது உண்மைதான். மாட்டுக் கொட்டகை ஓரமாக ஒரு வரிசையே குனிந்து உட்கார்ந்திருந்தது. பாஸ்வேர்டை யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. பாஸ்வேர்டு எருமையின் பேர், ஊருக்கே தெரிந்த எருமை.

மோகனசுந்தரம் வாசலில் நின்று கைகூப்பிச் சொன்னார்: "தயவு செஞ்சு எல்லாரும் வைபைய ஆப் பண்ணிப் போடுங்க. எடுத்ததுக்கு அப்பறம் போட்டுக்கலாம்."

ஆப் பண்ணினார்கள். சிவப்பு விளக்கு அணையவில்லை. ஐஸ் பெட்டி கரண்டை இழுக்கிறது என்று அதைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தார். அதற்கும் மசியவில்லை. கடைசியில் கேபிள்காரன் ரிஞ்சுவைக் கூப்பிட்டார். ரிஞ்சு கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கோ கம்பத்தின் மேல் இருந்தான். பாதி மலையாளம், பாதி தமிழ்.

"சேட்டா, சுவப்பு லைட்டு மின்னுன்னுண்டோ?"

"மின்னுது, மின்னுது."

"அப்ப வயருக்குள்ள லைட்டு வருந்தில்லா. எவிடெயோ மடங்கிக் கிடக்கும். நோக்கு. ஞான் வைகுந்நேரம் வரலாம்."

"சாயங்காலம் வந்து என்னப்பா பண்றது? அதுக்குள்ள எடுத்துருவாங்க."

"எந்தா எடுக்குன்னது?"

மோகனசுந்தரம் சொன்னார். ரிஞ்சு கம்பத்தின் மேலிருந்தே, "கழியுன்னதும் வேகம் வரலாம் சேட்டா, முடிஞ்ச சீக்கிரம்," என்று வைத்தான்.

"வயருக்குள்ள லைட்டு வருதாமா?" என்று கேட்டார் மாரப்பன்.

"ஆமாங்க மாமா. வெளிச்சமா வந்து இங்க நெட்டா மாறுது."

"வெளிச்சம் வந்தா வெளிய தெரியாதா?"

"தெரியாதுங்க."

"தெரியாதுன்னா வருதோ வரலையோ எப்பிடிக் கண்டீங்க? அவன் சொன்னான், நீங்க நம்பறீங்க."

மாரப்பனுக்கு அந்த வைபை பெட்டியின் மேல் முதல் நாளிலிருந்தே நம்பிக்கை கிடையாது. சரஸ்வதியம்மாள் மகனோடு பேச வேண்டும் என்றுதான் அது வந்தது. ரிஞ்சு துளைபோடும் மிஷினோடு வந்தபோது, என் செவுத்துல ஓட்டை போட உடமாட்டேன் என்று குறுக்கே நின்றவர் மாரப்பன்தான். அதனால் வயர் சன்னல் வழியாக உள்ளே வந்து, தரையில் சுவரோரமாகவே ஓடி, மூலையில் ஏறிப் பெட்டிக்குப் போனது. ராத்திரியானால் ஒட்டுக் கேட்கும் என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் அவர் படுப்பார். இந்த வீட்டில் ஒட்டுக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று சரஸ்வதியம்மாள் சிரிப்பாள்.

வேறு போக்கில்லாமல் மாரப்பன் தலைமாட்டுப் பக்கம் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். முட்டி மடங்கவில்லை, காலை நீட்டிக்கொண்டார். அழுகை வரவில்லை. எதையாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதால் அந்த விளக்கைப் பார்த்தார். இப்போது பச்சையாக இருந்தது. அடுத்த நிமிஷம் சிவப்பு. பிறகு பச்சை.

வாசலில் இருந்து அவர் தங்கச்சி தெய்வாத்தாள் மூன்றாம் தடவையாக வந்தாள். வெற்றிலை போட்டுவிட்டு வந்த தெம்பில், "அய்யோ என்ர அண்ணீ, தங்கமே" என்று கையை விரித்து ஐஸ் பெட்டி மேல் விழுந்தாள். பாரியான உடம்பு. பெட்டி கிறீச்சென்றது.

சிவப்பு.

தெய்வாத்தாள் மூக்கைச் சிந்த எந்திரித்தாள். பச்சை.

மாரப்பன் அசையாமல் பார்த்தார். இந்தத் தெய்வாத்தாளும் சரஸ்வதியம்மாளும் முப்பது வருஷமாக ஒருத்தி சமைத்ததை மற்றவள் வாயில் வைத்ததில்லை. செத்த பிறகும் சரஸ்வதியம்மாளுக்கு இவளை ஆகாது, இவள் தொட்டால் மகன் வந்து பார்க்கக்கூட விடமாட்டேன் என்கிறாள் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. ஆனால் அடுத்தது பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலையோடு வேலுமுருகன் வந்தான். சரஸ்வதியம்மாளின் ஒரே தம்பி, அக்கா மேல் உயிர். அவனும் பெட்டி மேல் சாய்ந்து அழுதான். விளக்கு அவனுக்கும் சிவந்தது. எட்டி நின்று அழுதவர்களுக்குச் சிவக்கவில்லை.

மாரப்பன் கையை ஊன்றிக் குனிந்து ஐஸ் பெட்டிக்கு அடியில் பார்த்தார்.

காலையில் பெட்டி வந்தபோது ஆட்கள் அதைக் கிழக்கு மேற்காக வைத்தார்கள். யாரோ பெரியவர் தெக்கால தலை வையுங்கப்பா என்று சத்தம் போட, நாலு பேர் அப்படியே தள்ளித் திருப்பினார்கள். திருப்பின வேகத்தில் பெட்டியின் ஒரு கால், சுவரோரம் ஓடிய வயரின் மேலேயே உட்கார்ந்திருந்தது. அந்த இடத்தில் சிமிட்டித் தரை வெடித்திருந்ததால் வயர் வெடிப்புக்குள் பதுங்கி அறுந்துபோகாமல் தப்பியிருக்கிறது. மேலே ஒரு ஆள் பாரம் ஏறினால் மட்டும் நசுங்கி மடங்குகிறது.

"மாப்ளே," என்றார் மாரப்பன். "நாக்காலிய விட்டு எறங்கி இங்க பாருங்க."

மோகனசுந்தரம் மண்டியிட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "நானும் மடங்கியிருக்கும்னுதாங்க நெனச்சேன்," என்றார்.

"நெனச்சிருப்பீங்க."

"ஒண்ணுமில்லீங்க மாமா. நாலு பேர் ஒரு கை புடிச்சுத் தூக்குனா வயர இழுத்தரலாம்."

அவர் நாலு பேரைக் கூப்பிட வாயெடுப்பதற்குள் வேலுமுருகன் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றான்.

"அசைக்கப்படாதுங்க மச்சான்," என்றான் மாரப்பனிடம். "கெடத்துனது கெடத்துனதுதான். இனி எடுக்கறப்பத்தான் அசைக்கோணும். நடுவுல அசைச்சா இந்த ஊட்டுல இன்னொண்ணு உளுகும்."

பொம்பளைகள் பக்கமும் ஆமாம் ஆமாம் என்றது. வந்தவர்கள் எல்லாருக்கும் அந்தச் சாத்திரம் தெரிந்திருந்தது. இன்னொண்ணு விழுந்தால் அது யாராக இருக்கும் என்று எல்லோரும் மாரப்பனைத்தான் பார்த்தார்கள்.

மாரப்பனுக்குச் சாவுக்குப் பயமில்லை. இந்தச் சாத்திரத்திலும் நம்பிக்கை இல்லை. ஆனால் வேலுமுருகன் அக்காளைப் பறிகொடுத்தவன், பிறந்த வீட்டுக்காரன். அவன் வேண்டாம் என்றதைச் செய்தால் கோடியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். பிறந்த வீட்டுக் கோடி இல்லாமல் அவளை அனுப்ப முடியாது. பாடை கட்டி முடித்தாயிற்று என்று வாசலிலிருந்து குரல் வேறு வந்தது.

"சரி, அசைக்கல," என்றார் மாரப்பன்.

சுவரைப் பிடித்து எந்திரித்து நின்றார். தோளில் கிடந்த துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டார், வாய்க்காலில் மடை திருப்பப் போகிற மாதிரி.

"எல்லாரும் கேட்டுக்கங்க. என்ர பையன் அவங்கம்மா மூஞ்சியப் பாக்கோணும். அது முடியற வரைக்கும் பொட்டிய ஆரும் தொடப்படாது. அழுகற ஆளுக அக்கட்டத் தள்ளி நின்னு அழுகோணும். சாயறது, உளுகறது ஒண்ணும் ஆகாது."

இப்படி ஒரு சொல்லை எந்தக் கேதத்திலும் யாரும் கேட்டதில்லை. தெய்வாத்தாளுக்கு முகம் சுண்டியது.

"எங்கண்ணிய நாந் தொடப்படாதா? உங்களுக்கு வயரு மேல பாசமா, பொண்டாட்டி மேல பாசமாண்ணா?"

"உசுரோட இருக்கறப்ப தொட்டயா நீ?"

 வெளியே எருமை கத்தியது. சொன்ன பிறகு மாரப்பனுக்கே கொஞ்சம் அதிகம் என்று பட்டது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிப் பழக்கமில்லை. தெய்வாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோர்த்துக்கொண்டு, வகுப்பில் வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளை மாதிரி நின்றாள். அங்கிருந்தே, கொஞ்சம் சின்னக் குரலில், "அண்ணீ" என்றாள்.

போன் அடித்தது. வனிதா எடுத்தாள். ஆனந்தகுமார் வந்தான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் இருந்த விளக்கைப் பார்த்தார்கள். பச்சை.

வனிதா போனைக் கண்ணாடிக்கு நேராகத் திருப்பினாள்.

அவன் ஒன்றும் பேசவில்லை. நெட் மறுபடியும் நின்றுவிட்டதோ என்று மோகனசுந்தரம் எட்டிப் பார்த்தார். நிற்கவில்லை. போனுக்குள் ஆனந்தகுமார் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. அவனுக்குப் பின்னால் சன்னலில் ஏதோ மரம் ஆடிக்கொண்டிருந்தது.

"கண்ணாடியில வெளிச்சம் அடிக்குது வனிதா. கொஞ்சம் இப்பிடி. ஆ, இப்பத் தெரியுது." பிறகு நெடுநேரம் கழித்து, "பொட்டுக் கோணலா இருக்குது," என்றான்.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஆமாம். பெரிய குங்குமப் பொட்டு நெற்றியில் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது.

"ஆரு வெச்சது?" என்றான் ஆனந்தகுமார்.

தெய்வாத்தாள் கையைப் பின்னால் கட்டியபடி மேலே கூரையைப் பார்த்தாள்.

"அம்மா கண்ணாடி பாக்காமயே நேரா வெப்பாங்க. நேரா வெச்சுட்டு எடுத்துட்டுப் போங்கப்பா."

வேலுமுருகன் கண்ணாடி மூடியைத் தூக்கிப் பிடித்தான். மூடியைத் தூக்கினால் அசைத்ததாகாது, அது வேறு என்று யாரும் கேட்காமலே சொன்னான். குளிர் புகையாக வெளியே வந்தது. நெற்றியை எட்ட வேண்டுமென்றால் பெட்டி விளிம்பில் கையை ஊன்றியாக வேண்டும். ஊன்றினால் மகன் போய்விடுவான். வனிதா கை எட்டவில்லை. போனையும் அவள்தான் பிடித்திருந்தாள்.

"நான் வெக்கறேன்," என்றார் மாரப்பன்.

"மாமா, உங்களுக்கு முட்டி..."

"முட்டியிலயா பொட்டு வெக்கப் போறன்? புடிங்க."

குங்குமச் சிமிழில் விரலைத் தொட்டுக்கொண்டு மாரப்பன் பெட்டிக்கு மேலாக உடம்பைச் சாய்த்தார். மோகனசுந்தரம் ஓடிவந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். வேலுமுருகன் ஒரு கையால் மூடியைப் பிடித்துக்கொண்டு மறு கையை அவர் அக்குளில் கொடுத்துத் தாங்கினான். அப்படியும் கிழவர் முன்னால் சரிந்தார். தெய்வாத்தாள் பின்னாலிருந்து பாய்ந்து வந்து அண்ணனின் இடுப்புத் துண்டை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, சுவரில் காலை உதைத்துக்கொண்டாள்.

"விட்ராதீங்க," என்றாள். "விட்டா அண்ணி மேல போய் உளுந்துருவாரு."

"அத்தை, நீங்க பொட்டியத் தொடாதீங்க," என்றாள் வனிதா.

"நா எங்க தொட்டேன்? உங்கப்பனத்தான் தொட்டிருக்கறேன்."

போனுக்குள் ஆனந்தகுமாருக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

மாரப்பன் மகனைப் பார்க்கவில்லை. விளக்கையும் பார்க்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, அவள் முகத்துக்கு இவ்வளவு கிட்டே அவர் போனதில்லை. துண்டு நுனியால் பழைய பொட்டைத் துடைத்தார். தோல் கல் மாதிரி ஜில்லென்றிருந்தது. மேல் உதட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மச்சம் இருந்தது. இது எப்போதும் இருந்ததா என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. யாரையும் கேட்கவும் முடியாது.

விரலை வைத்து மெதுவாகச் சுற்றினார். வட்டம் சரியாக வரவில்லை. மறுபடி சுற்றினார்.

"நேரா இருக்குதா?" என்று கேட்டார்.

"இருக்குதுங்கப்பா."

"மாமா, கை நோகுதுங்க. வந்தர்றீங்களா?" என்றார் மோகனசுந்தரம்.

"இருங்க மாப்ளே. இன்னும் காயல."

குங்குமம் காய்வதற்கு என்ன இருக்கிறது என்று மோகனசுந்தரம் கேட்கவில்லை. பிடித்துக்கொண்டே நின்றார். மற்ற இரண்டு பேரும் விடவில்லை. விளக்கு பச்சையாகவே இருந்தது.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. கோடி போர்த்தினார்கள், வாய்க்கரிசி போட்டார்கள், ஆம்பளைகள் உள்ளே வந்து தூக்கினார்கள். தெய்வாத்தாள் வெற்றுப் பெட்டி மேல் விழுந்து வேண்டுமட்டும் அழுதாள். அப்போது யாரும் தடுக்கவில்லை. பாடை வாசலைத் தாண்டிக் கொட்டுச் சத்தத்தோடு ரோட்டுக்குத் திரும்பியதும், வீடு கழுவுவதற்காகப் பொம்பளைகள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

மாரப்பன் கூட்டத்தோடு இரண்டடி நடந்தவர் நின்றார். இடுப்பில் கட்டின துண்டைக் காணவில்லை. திரும்பி உள்ளே வந்து பார்த்தபோது துண்டு பெட்டியோரம் கிடந்தது. பக்கத்தில் பாய் மேல் வனிதாவின் போன் மல்லாந்து கிடந்தது. எடுக்கிற அவசரத்தில் யாரோ கீழே வைத்திருக்கிறார்கள். அதற்குள் ஆனந்தகுமார் இருந்தான். வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாரப்பன் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"இருக்கறயா?"

"இருக்கறனுங்கப்பா."

"அம்மாவக் கொண்டுட்டுப் போறம். சுடுகாட்டுல டவர் நிக்காது."

"தெரியுங்கப்பா."

மாரப்பன் நிமிரவில்லை. மகனும் வைக்கவில்லை. வெளியே கொட்டுச் சத்தம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

"ஊட்டுல ஆராச்சும் இருக்கோணும்," என்றார் மாரப்பன். "நாங்க வர்ற வரைக்கும் நீ இரு."

"செரிங்கப்பா."

மோகனசுந்தரம் ஏறி நின்ற நாற்காலியை மாரப்பன் இழுத்து நடுவீட்டில் போட்டார். போனை அதன் முதுகில் சாய்த்து நிறுத்தினார். சாய்ந்து விழுந்தது. துண்டைச் சுருட்டி முட்டுக் கொடுத்தார். நின்றது. துண்டில்லாத வெறும் தோளோடு படியிறங்கிப் போனார்.

பொம்பளைகள் தண்ணீரைக் கொட்டினார்கள். தெய்வாத்தாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, விளக்குமாறால் மூலை மூலையாகத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் வந்ததும் கையை நிறுத்தினாள்.

"காலத் தூக்கிக்க சாமி," என்று போனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நாற்காலிக்கு அடியிலும் கூட்டினாள்.